மாதிரிக் கல்லைப் பத்திரமாக வைத்திருந்த விவரம்

மதிப்பும் அன்பும் நிறைந்த சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, நம் பேத்தி மூவரும் சுகம். சமையலறையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள் என்று கேட்டு மனம் குளிர்ந்தது. ஒரு கண்ணால் படித்தாலும் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிசு பெரிசாகப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்களே படியுங்கள். மங்கலாகத் தெரிந்தால் நாளைக்குப் படியுங்கள், பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், ஊரைக் கூட்டி வைத்துக்கூடப் படியுங்கள், உங்களைக் கவனிக்க அங்கே வந்திருக்கிற உங்கள் மகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். போன் செய்தால் அவள்தான் எடுக்கிறாள். "அம்மா தூங்குறாங்க, என்கிட்ட சொல்லுங்க அத்தை" என்கிறாள். அவளிடம் சொல்ல முடிந்தால் நான் ஏன் உங்களைத் தேடுகிறேன்?

நான் சமையலறையில் விழுந்துவிட்டேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். விழவில்லை. பழைய தரை தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அதில் கொஞ்சம் ஈரம் இருந்தது, நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாக உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். "உட்கார்ந்ததுக்கு யாராவது எக்ஸ்ரே எடுப்பாங்களா அத்தை?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தரையை மாற்றியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். என் மகன், "ஒரு மிதியடி வாங்கிப் போட்டா போதாதா?" என்றான். "மிதியடியே வழுக்கினா?" என்றாள். கடை கடையாக ஏறி இறங்கி, கால் வைத்தால் பிடித்துக்கொள்கிற மாதிரி சொரசொரப்பான கல் ஒன்றை எடுத்தாள். மழை வரப் போகும்போது வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் நிறம். மாதிரிக்கு ஒரு கல்லும் வாங்கி வந்தாள். அதற்குள் உங்கள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை என் கையில் கொடுத்து, "அத்தை, உங்க பிள்ளைய நம்பிப் போகல, உங்கள நம்பித்தான் போறேன். இதப் பத்திரமா வச்சுக்குங்க. லாரி வந்ததும் ஒத்துப் பாருங்க. ஒரு புள்ளி மாறியிருந்தாலும் உள்ள விடாதீங்க" என்றாள். சம்பந்தியம்மா, இந்த வீட்டில் என்னை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்து எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? என் மாத்திரையைக்கூட என் கையில் தருவதில்லை, வாயில் போட்டுவிட்டுத் தண்ணீரோடு நிற்கிறார்கள். ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள்தான், ஆனால் ஒப்படைத்த காரியத்தில் இதுவரை ஒருத்தர் குறை சொன்னதில்லை.

பத்திரம் என்றால் என்ன? கண் முன்னால் இருப்பதுதான் பத்திரம். பீரோவில் வைத்தால் எதையோ தேடுகிறேன் என்று பீரோவையே கவிழ்க்கிற ஆள் வீட்டில் இருக்கிறான் (இந்த இடத்தில் அவன் என் மகன் இல்லை, உங்கள் மாப்பிள்ளை). பழைய தரையை உடைக்க ஆள் வந்ததும் அடுப்பு கூடத்துக்குக் குடிபெயர்ந்து, அவன் கம்ப்யூட்டர் மேசையில் ஏறி உட்கார்ந்தது. சுடச்சுட இறக்குகிற சட்டியை எங்கே வைப்பது? மேசை கருகிவிடும். கல் பக்கத்திலேயே இருந்தது. கல்லுக்குச் சூடு உறைக்குமா? பால் பொங்கினால் அதில் வழிந்தது, டீ வடிகட்டி அதில் உட்கார்ந்தது, எண்ணெய்ச் சட்டி அதில் இறங்கியது. ஒரு பொழுதும் என் கண்ணை விட்டு அது நகரவில்லை. தினம் பார்க்கிற முகத்தில் சுருக்கம் விழுவது தெரியுமா? அந்த மாதிரி இதுவும் எனக்குத் தெரியவில்லை.

லாரி வந்தது. பெட்டியைப் பிரித்தார்கள். என் கல்லைப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு உச்சந்தலை சுட்டது. அவர்கள் கொண்டு வந்தது வெளிறின சாம்பல்; என் கையில் இருப்பதோ நல்ல பழுப்பு, நடுவில் மஞ்சள் ஓட்டம், ஓரமெல்லாம் கரும்புள்ளி. "ஏம்ப்பா, வயசானவதானேன்னு வேற கல்ல இறக்கப் பாக்கறியா?" என்றேன். "இல்ல பாட்டி, பில்லுல இதே நம்பர்தான் இருக்கு" என்றான் லாரிக்காரன். "நம்பர் மேலயா நடக்கப் போறோம்? கண்ணு இருக்கில்ல, பாரு!" பார்த்தான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைக்காரரே நேரில் வந்தார். என் கல்லைத் திருப்பினார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். "அம்மா, இந்தக் கலர்ல கல்லே வர்றதில்லம்மா" என்றார். "வராத கல்லு என் மருமக கைக்கு எப்படி வந்துச்சு? அவளே சுட்டு எடுத்தாளா?" என்றேன். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, அந்தம்மா சொல்வதுதான் நியாயம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கடைக்காரர் அத்தனை பெட்டியையும் திருப்பி ஏற்றிக்கொண்டு போய், எந்தெந்தக் குடோனையோ குடைந்து, என் கல்லுக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒன்றைப் பிடித்து வந்தார். யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்ததாம். அதையும் சும்மா விட்டேனா? சொரசொரப்பு சரியாக இருக்கிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்துத்தான் வாசல் தாண்ட விட்டேன். சாயங்காலம் என் மகன் வந்து, "கலர் கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சோ?" என்றான். "கடையில போன்ல தலைய விட்டுக்கிட்டு நின்னவனுக்கு என்னடா தெரியும்?" என்றேன். "அதுவும் சரிதாம்மா" என்று போய்விட்டான்.

தரை போடுகிறவர் நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். எந்நேரமும் கையில் மட்டம் பார்க்கிற கோல். நம் பேத்தி அவருக்கு மட்டக்கோல் மாமா என்றே பேர் வைத்துவிட்டாள். மயிரிழை ஏற்ற இறக்கம் இல்லாமல் போட்டு, இடுக்கெல்லாம் பூசி, சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார். எனக்கு ஓர் ஆசை. அவள் வந்து நிற்கும்போது மாதிரிக் கல்லையும் தரையில் வைத்து, 'பார்த்துக்கோ, ஒரு புள்ளி மாறல' என்று காட்ட வேண்டும். அதனால், "இதையும் ஒரு கழுவு கழுவிக் குடுப்பா" என்று நீட்டினேன். ஊற்றினார். நுரைத்தது. தேய்த்தார். பழுப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று, புள்ளி ஒவ்வொன்றாகப் போயிற்று, கடைசியில் மழை வானம் வந்து நின்றது. நான் கல்லைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கோலைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே, "அம்மா, மட்டம் மட்டும் சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுவின தரையை எட்டிப் பார்த்து, "பாட்டி, யாரோ டீயக் கொட்டிட்டுத் தொடைக்காம போயிட்டாங்க!" என்று துணி எடுக்க ஓடினாள்.

தரை எக்கேடோ கெடட்டும், சம்பந்தியம்மா. 'உங்கள நம்பித்தான் போறேன்' என்றாளே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. இனிமேல் அவள் என்னை நம்பி ஒரு கரண்டியாவது கொடுப்பாளா? அதனால் அவள் கிளம்புவதற்கு முன்னால் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பசியோடு இருக்கும்போது சொல்லாதீர்கள். முதலில் உலகத்தில் உள்ள வெள்ளம், பூகம்பம் எல்லாவற்றையும் பேசிவிட்டு, மெல்லத் தரைக்கு வாருங்கள். கடைக்காரர் மேல் பழியைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். பாவம், அந்த மனுஷர் நடுத்தெருவில் நின்று என்னிடம் வாங்கினதே போதும். உள்ளதையே சொல்லுங்கள். ஆனால் அவள் எடுத்த கல்லுக்காகத்தான் அத்தனை சண்டையும் போட்டேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு சொல்லுங்கள்.

உங்கள் பார்வை பளிச்சென்று திரும்பி, ஊசியில் நூல் கோக்கிற அளவுக்குத் தெளிய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் நல்லது. அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருக்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதில் ஒரு வரியைக்கூட அவளிடம் சொல்ல வேண்டாம். கடிதத்தை உறையில் போடுவதற்குள் ஆளே வந்து இறங்கிவிட்டாள். எனக்குக் கண் தெரிகிறது, நீ உன் வீட்டைப் போய்ப் பார் என்று விரட்டிவிட்டீர்களாமே, இன்னும் கொஞ்சம் தெரியாத மாதிரி இருந்திருக்கக் கூடாதா? சமையலறை வாசலில் நின்றாள். தரையைப் பார்த்தாள். நான் என் மகனுக்குப் பின்னால் ஒளியப் போனேன்; அவன் எனக்குப் பின்னால் ஒளியப் பார்த்தான். வேறு வழியில்லாமல், நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவள் உள்ளே போய் ஒரு பாத்திரம் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றினாள். "அத்தை, இதுல நடங்க." நடந்தேன். "திரும்பி வாங்க." வந்தேன். "வேகமா." இந்த வயசில் வேகமாகவும் நடந்தேன். "வழுக்குதா?" "இல்லம்மா." "அப்ப இதுதான் நான் எடுத்த கல்லு" என்றாள். அப்புறம், "கடைக்காரர் முகர்ந்தா பாத்தாரு?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், இதை எழுதுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம்தான். ஆனால் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினதை வீணாக்க மனசு வரவில்லை. அது போக, இப்படி ஒரு பெண்ணைப் பெற்றவளுக்கு ஒரு கடிதமாவது வர வேண்டாமா? அடுத்தது சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. இந்தத் தரைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம், கடைக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகிறாளாம். மாதிரி அட்டை மட்டும் அவள் கையிலேயே இருக்குமாம்.