ஐம்பது பாக்கெட் சாமையும் ஐந்து இங்கிலீஷ் சொல்லும்

நேற்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்கள் மகளிர் குழு ஐம்பது பாக்கெட் சாமை அரிசி தர விரும்புகிறது என்று பெங்களூர் கடைக்காரருக்கு இங்கிலீஷில் வாட்ஸ்அப் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் சொல்லாவிட்டால் ஆர்டர் வேறு குழுவுக்குப் போய்விடும்.

"போன் போட்டு சொல்லிடேம்மா" என்றார் குழுத் தலைவி முனியம்மா அத்தை.

முன்பின் தெரியாதவரிடம் போனிலா! பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே எனக்குக் குரல் வராது.

"மெசேஜ்தான் மரியாதை அத்தை."

'வான்ட்' போட்டு அனுப்பினேன். எங்கள் ஊரில் டவர் சரியாக எடுக்காது. செய்தி போகாமல் கடிகாரப் படத்தோடு நின்றது. நின்றதும் சந்தேகம் வந்தது.

"வான்ட்னா அதட்டிக் கேக்கற மாதிரி இருக்குமோ அத்தை?"

"அப்போ பதவிசா போடு."

'வுட் லைக்' போட்டு இன்னொன்று. அதற்கும் கடிகாரம்.

"இதுக்கு இன்னா அர்த்தம்?"

"பிரியப்படறோம்னு."

"பிரியப்பட்டா போதுமா? அனுப்புவாங்களா மாட்டாங்களான்னு அந்தாளு முழிக்க மாட்டாரு?"

நியாயம்! 'ஹோப்' போட்டேன்.

"நம்பறோம்னு அர்த்தம் அத்தை."

"மழைய நம்பறோமே, அப்டியா? வெளங்கிடும்!"

'ப்ளான்' போட்டேன். "இன்னும் யோசனையிலயே கீறோமா?" என்றார்.

கடைசியாக 'இன்டெண்ட்', அதாவது உத்தேசித்திருக்கிறோம். கல்லூரியில் படித்ததற்கு ஓர் அடையாளம் வேண்டாமா?

"கோர்ட்டு நோட்டீசு மாதிரி கீது" என்றார் அத்தை.

மணி பதினொன்றே முக்கால். சாலை வளைவில் இருக்கும் பாறை மேல் ஏறினால் டவர் கிடைக்கும். போகாத செய்திதானே, அங்கே போய் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம் என்று ஓடினேன்.

ஏறி நின்றேன். விரலை வைப்பதற்குள் டிங், டிங், டிங், டிங், டிங். ஐந்தும் போய்விட்டன!

உடனே பதில் வந்தது. ஐந்து ஆர்டரும் ஏற்கப்பட்டன, மொத்தம் இருநூற்றைம்பது பாக்கெட், வெள்ளிக்கிழமை வண்டி வரும், நன்றி.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அத்தை கேட்டார். "இன்னா சொன்னாரு?"

"ஒத்துக்கிட்டாரு அத்தை."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்டி கீது?"

சொன்னேன். அத்தை பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாமை கீதும்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள பொடைக்கறதுக்கு கை எங்க கீது? போன் போட்டு தப்பா பூட்ச்சுன்னு சொல்லிடு. ஒரு நிமிசம்."

போனைப் பார்த்தேன். அத்தையைப் பார்த்தேன்.

இன்று விடியற்காலையிலிருந்து புடைத்துக்கொண்டிருக்கிறேன். முறம் நன்றாகவே பழகிவிட்டது.