இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த ஃப்ளாப்பி

“அப்பா, நம்பர் சொல்லிக் கூப்பிட்டா யாராச்சும் திரும்பிப் பார்ப்பாங்களா?”

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை கேட்ட கேள்வி இது. கேட்டது யார், கேட்கப்பட்டது யார் என்பது பின்னால் வரும். அதற்குள், அந்தக் கேள்வியைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு நல்ல மனிதர் மூன்றே நாளில் எவ்வளவு பாவம் சம்பாதித்தார் என்று பார்த்துவிடுவோம்.

அவரை ஃப்ளாப்பி வைத்தியர் என்பார்கள். மாடியில் ஓர் அறை, அறை நிறையச் செத்துப்போன கம்ப்யூட்டர்கள். எந்தக் காலத்து ஃப்ளாப்பியைக் கொடுத்தாலும் அது எந்த மெஷினில் எழுதப்பட்டது என்று கண்டுபிடித்து, உள்ளே இருப்பதைப் படித்துத் தந்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு தையல்காரம்மா படியேறி வந்தார். துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்ததும் வைத்தியர் எழுந்தே நின்றுவிட்டார்.

“எட்டங்குல ஃப்ளாப்பி! இதை எங்கம்மா பிடிச்சீங்க? முறம் மாதிரி இருக்கே!”

“கல்லறைத் தோட்டத்து ஆபீஸ்ல குடுத்தாங்க சார். பேரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்காம். படிக்கறதுக்குத்தான் மெஷின் இல்லையாம்.”

லேபிளில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘குழந்தைகள் பகுதி. கல் 1 முதல் 212 வரை.’

அந்த அம்மாவின் மகன் ஒரு நாள்தான் உயிரோடு இருந்தான். பிரசவ ஜுரத்தில் அவருக்கு நினைவு திரும்புவதற்குள் ஆஸ்பத்திரிக்காரர்களே புதைத்துவிட்டார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. போன மாதம் பேப்பரில் அறிவிப்பு வந்தது: ஆஸ்பத்திரிக் குழந்தைகளைப் புதைத்த பகுதி வழியாகச் சாலை வருகிறது. கற்களில் நம்பர் மட்டும்தான் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் தெரிந்தால் தனித்தனிக் குழி. தெரியாவிட்டால் எல்லோருக்கும் ஒரே குழி.

“ஒரு நாள் பையன் சார். பேர்கூட வைக்கல. குழியாவது தனியா இருக்கட்டுமே.”

“கவலைப்படாதீங்கம்மா. என் கைக்கு வந்த ஃப்ளாப்பி பேசாம போனதில்லை.”

அன்று முழுக்க அது பேசவில்லை. எட்டங்குலத்தை ஓட்டும் பெட்டி அவரிடம் ஒன்று இருந்தது. அதைப் பத்தொன்பது பழைய மெஷின்களின் முறைப்படி மாற்றி மாற்றி ஓட்டினார். ஒன்றிலும் ஓர் எழுத்து வரவில்லை. வைத்தியர் வருத்தப்படுவதற்குப் பதிலாகப் பூரித்துப்போனார்.

“இது அபூர்வ வகைம்மா!”

“அபூர்வம்னா நல்லதா சார்?”

“எங்களுக்கு ரொம்ப நல்லது.”

“எங்களுக்கு?”

வைத்தியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிலவகை ஃப்ளாப்பியில் உள்தகட்டைச் சுற்றி முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று துளைகள் இருக்கும், மெஷினுக்கு அவைதான் மைல்கல் என்று விளக்கினார். பிறகு தகட்டை விரலால் சுழற்றி எண்ணினார். முப்பத்துமூன்று வந்தது.

“ஒண்ணுதான் சார். அதே ஓட்டை திரும்பத் திரும்ப வருது” என்றார் அம்மா.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது வருஷமா பட்டன் ஓட்டை எண்ணித்தானே சாப்பிடறேன்.”

ஒன்றுதான்.

புதன்கிழமை இன்னும் கடுமையான சோதனைகளுக்குத் துணிந்தார். அதற்கு முன், தவறிப்போய் மெஷின் எதையாவது எழுதி உள்ளே இருப்பதை அழித்துவிடக் கூடாதே என்று, ஃப்ளாப்பியின் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார்.

“இது எதுக்கு சார்?”

“பூட்டும்மா. இனி பிரம்மா வந்தாலும் இதுல எழுத முடியாது.”

ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினார். மெஷின் வழக்கம்போல் முனகிவிட்டு ஒரு கேள்வி கேட்டது: இந்த ஃப்ளாப்பி எனக்குப் புரியவில்லை, புதிதாக வரி போடட்டுமா? வரி போடுவது என்றால் சிலேட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு கிழிப்பது. பூட்டிய ஃப்ளாப்பிக்கு ‘ஆம்’ என்று சொன்னால் மெஷின் முறைத்துக்கொண்டு, அது எந்த வகை என்று ஒரு வரி சொல்லும். அந்த ஒரு வரிக்காக வைத்தியர் ‘ஆம்’ என்று தட்டினார்.

டக். டக். டக்.

“இன்னிக்குத்தான் சார் ஒழுங்கா வேலை செய்யற மாதிரி சத்தம் வருது!” என்று அம்மா முகம் மலர்ந்தார்.

அது எழுதுகிற சத்தம் என்று வைத்தியருக்குப் புரிந்துவிட்டது. பதினைந்து வருடமாக அவர் கையில் வந்ததெல்லாம் சின்ன ஃப்ளாப்பிகள். சின்னதில் அந்த வெட்டை மூடினால் பூட்டு. எட்டங்குலத்தில் நேர் தலைகீழ்: மூடினால்தான் திறப்பு. வாலிபத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். மின்விசிறி நின்றது. இன்னொன்றைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. மூன்றாவதைத் தேடுவதற்குள், ஃப்ளாப்பியின் வட்டத்துக்கு ஒன்றாக, எழுபத்தேழு ‘டக்’கும் முடிந்து, திரையில் வந்தது: நன்றி, ஃப்ளாப்பி சுத்தமாக இருக்கிறது.

“என்ன சார் ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் சூடாயிடுச்சு. நாளைக்கு வாங்களேன்.”

“வரேன் சார். அதுக்கு முன்னாடி அந்தச் சட்டையைக் கொஞ்சம் காட்டுங்க. வந்ததுலேர்ந்து பார்க்கறேன், கழுத்துப் பட்டன் தொங்குது.”

நிற்கவைத்தே தைத்தார். நூலைப் பல்லால் கடித்தபோது அவர் தலை வைத்தியரின் நெஞ்சருகே இருந்தது. “எங்க பையனுக்காக இவ்வளவு கஷ்டப்படறீங்க. கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கணும்.”

கழுத்துப் பட்டன் இறுகியதால்தான் மூச்சு முட்டுகிறது என்று வைத்தியர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனிதன் தன்னிடம் சொல்லும் பொய்தான் எல்லாவற்றிலும் சீக்கிரம் வெளுக்கும். வியாழக்கிழமை அம்மா வந்ததும், பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொல்வதற்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாய் வேறு எதையோ சொன்னது.

“அழிச்சுட்டேன்மா. நான்தான். இருநூத்திப் பன்னிரண்டு பேரையும்.”

அம்மா ஃப்ளாப்பியை எடுத்துத் தூசு தட்டி அவர் கையிலேயே கொடுத்தார். திட்டியிருந்தால் வைத்தியருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“ஒரு உதவி பண்ணுங்க சார். என்கூட அந்தத் தோட்டம் வரைக்கும் வாங்க. நாளைக்குத் தோண்டறதுக்குள்ள அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துடறேன். தனியா போகக் கால் வரல.”

தோட்டத்தில் கற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்தின் அளவு. குழி வெட்டுகிறவர் கடப்பாரையைச் சாய்த்துவிட்டு வந்தார். வயதானவர்.

“உள்ள வரக்கூடாதும்மா. யாரைப் பார்க்கணும்?”

“என் பையனை. எந்தக் கல்லுன்னு தெரியாது.”

“உங்க பேரைச் சொல்லுங்க. எந்த வருஷம்?”

சொன்னார். கிழவர் ஏழாவது வரிசைக்கு நடந்து ஒரு கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்துப் புரட்டினார். மண்ணைத் துடைத்தார். அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய எழுத்து. அம்மா மண்டியிட்டு விரலை வைத்துக் கூட்டிப் படித்தார்.

“என் பேரு. கீழ ‘மகன்’னு இருக்கு.” பிறகு மெதுவாகக் கல்லின் மேல் கையைப் பரப்பி வைத்துக்கொண்டார்.

வைத்தியர் பக்கத்துக் கற்களைப் பார்த்தார். “எல்லாக் கல்லுக்குமா?”

“எல்லாத்துக்கும். பெட்டியில அம்மா பேரு போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு கட்டியிருக்கும். கல்லுல நம்பர் மட்டும்தான் போடணும்னு உத்தரவு. என் பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு. ‘நம்பர் சொல்லிக் கூப்பிட்டா யாராச்சும் திரும்பிப் பார்ப்பாங்களா’ன்னு கேட்டா. அதான், யாரும் இல்லாத நேரமாப் பார்த்து ஒவ்வொண்ணா அடியில எழுதிட்டேன்.”

“இதை ஆபீஸ்ல சொல்லக் கூடாதா ஐயா?”

“சொன்னேனே! கல்லுல கீறினது ஆதாரம் ஆகாதாம். ஃப்ளாப்பியில இருந்தாத்தான் ஆதாரமாம்.”

வைத்தியர் தன் கையில் இருந்த ஃப்ளாப்பியைப் பார்த்தார். டேப் ஒட்டியபடி, வரி போட்டபடி, துடைத்த சிலேட்டாக, எழுதத் தயாராக இருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் கிழவர் கல்லைப் புரட்டினார், அம்மா படித்தார், வைத்தியர் நோட்டில் எழுதினார். மாலையில் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் ஃப்ளாப்பியில் ஏற்றினார். ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டே தட்டினார். முடிந்ததும் ஒரு பிரதி அச்செடுத்துக்கொண்டு, கறுப்பு டேப்பை உரித்தெடுத்தார். இப்போதுதான் அது உண்மையாகவே பூட்டியது. பார்த்தவர் யாருமில்லை, மேலே இருப்பவரைத் தவிர.

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்து அதிகாரி ஃப்ளாப்பியையும் அச்செடுத்த பட்டியலையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

“பார்த்தீங்களா! இதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கணும்கறது. எத்தனை வருஷமானாலும் அழியாது!”

தனித்தனிக் குழிக்கு உத்தரவாயிற்று. முதல் குழி ஏழாவது வரிசைப் பையனுக்கு. அம்மா பக்கத்தில் நின்றார்.

வைத்தியருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பெயர்களைத் திருப்பி வைத்துவிட்டார், சரி. ஆனால் அபூர்வமான ஒன்றை அழித்த பாவம் அழித்ததுதானே? கிழவர் அருகே போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஐயா, பத்தொன்பது மெஷின் முறையில பார்த்தும் பிடிபடல. முன்னாடி இந்த ஆபீஸ்ல இதுல பேரை ஏத்தினாங்களே, அது எந்த மெஷின்?”

கிழவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சற்று யோசித்தார்.

“ஃப்ளாப்பி வந்துச்சு, லேபிளும் எழுதி ஒட்டினாங்க சார். மெஷின்தான் இன்னும் வரல.”