கடல் தண்ணீர் அனுப்ப வேண்டாம்

யூனியன்வில்,
பெப்ரவரியில் பனி கொட்டும் ஒரு செவ்வாய்.

அன்புள்ள தம்பி சீமோனுக்கு,

இயேசுவின் இரக்கத்தால் நானும் உன் அண்ணி வேரோனிக்காவும் ஓரளவு சுகம். இந்த வீட்டில் இருக்கும் இரண்டு மீன்கள் எங்களைவிடச் சற்றுக் குறைந்த சுகம். நீயும் அருள்மலரும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். போன கிழமை போனில் உன்னிடம் இரண்டு போத்தல் மன்னார்க் கடல் தண்ணீர் கேட்டேன் அல்லவா? அனுப்ப வேண்டாம். காரணத்தைப் போனில் சொல்ல முடியாது, உன் அண்ணியின் காது பக்கத்திலேயே இருக்கும். அதனால்தான் ஊருக்கு வரும் றொனால்டிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

மகள் மெலிசாவும் மருமகன் கீதனும் போர்த்துக்கல் பார்க்கப் போயிருக்கிறார்கள். நாங்கள் எங்கள் டோர்செட் பார்க் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே அவர்கள் வீட்டில் காவல் இருக்கிறோம். வீட்டுக்கா காவல்? வரவேற்பறையில் கீதன் வைத்திருக்கும் கடல் தொட்டிக்கு. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளை வரி போட்ட மீன் இரண்டு, கல்லில் ஒட்டிக்கொண்டு பூவாக விரியும் பவளங்கள் கொஞ்சம். அவன் சைவம், மீனை வாயில் வைக்கமாட்டான். மீன் தின்னாதவன் மீன் வளர்க்கிறான், மீன் இல்லாமல் சோறு இறங்காத நான் அதற்குக் காவல்காரன். கல்யாணத்தின்போது நான் எப்படி முறுக்கிக்கொண்டு நின்றேன் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் "சாப்பிட்டாச்சோ?", "ஓம்" என்பதற்கு மேல் பேச்சில்லை. அப்படிப்பட்டவன் முதல்முறையாக என்னை நம்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதில் ஏதாவது செத்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போகுமுன் தொட்டியடியில் நின்று விளக்கத் தொடங்கினான். "மாமா, தண்ணி குறையேக்க என்ன செய்ய வேணுமெண்டால்..." என்றான். "தம்பி, மன்னார் உப்பளத்திலை தலை நரைச்சவன் நான். உப்பைப் பற்றி எனக்கோ பாடம் எடுக்கிறீர்?" என்றேன். பாவம், வாயை மூடிக்கொண்டான். உப்பு அளக்கும் குழாய்க் கண்ணாடி ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போனான். அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். உப்புப் பார்க்க நாக்குப் போதாதா?

இந்தக் குளிருக்கு ஹீற்றர் ஓடியபடியே இருப்பதால் தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும். இறங்கிய அளவுக்கு நான் கடைக் கடலுப்பைக் கரைத்து ஊற்றி வந்தேன். கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும்? பிரஷருக்காக டொக்டர் என் சாப்பாட்டில் உப்பை நிறுத்தி வைத்திருக்கிறார். தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சுகமாகவே இருந்தது. பவளங்களுக்குத்தான் சுகமில்லை, ஒவ்வொன்றாகச் சுருங்கின. மீன்கள் கல்லுக்குப் பின்னால் போய் ஒளித்தன. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனையைச் செய்தேன், தண்ணீரில் காரத்தன்மை குறைந்துவிட்டது என்றது நிறம். மீன் கடைக்காரனைக் கேட்டால், வீட்டுக்குள் காற்று அடைபட்டால் அப்படி வரும், ஜன்னலைத் திறவுங்கள் என்கிறான். பெப்ரவரியில்! திறந்தேன். வேரோனிக்கா ஜக்கெற்றும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு செபமாலை சொன்னாள், ஒவ்வொரு மணியை உருட்டியபோதும் என்னையும் ஒருதரம் பார்த்தாள். நிறம் திருந்தியது, பவளம் திருந்தவில்லை. சரி, கடை உப்புத்தான் கள்ள உப்பு என்று முடிவு கட்டி, இன்னும் ஒரு பிடி கூட்டிக் கரைத்தேன். அன்றைக்குத்தான் உன்னிடம் கடல் தண்ணீர் கேட்டது. எனக்கு அலுத்துப்போய்விட்டது, சீமோன். அத்தனை வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன், ஒரு நாளாவது அது தனக்குச் சுகமில்லை என்று சொன்னதுண்டா?

நேற்று முன்தினம் வேரோனிக்கா தொட்டியைத் துடைக்க வந்தாள். விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. "இஞ்சருங்கோ, உது உங்கட உப்பளம் மாதிரியெல்லோ கிடக்கு? தண்ணி மட்டும்தானே காயும், உப்பு எங்கை போகும்?" என்றாள். பொருக்கைச் சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பேதான். வெயிலில் தண்ணீர் போகும், உப்பு பாத்தியிலே தங்கும் என்று எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேன்! தொட்டியில் குறைந்தது வெறும் தண்ணீர், நான் ஊற்றியதோ மேலும் மேலும் உப்பு. சம்பளம் இல்லாமல் மருமகன் வீட்டில் உப்பளம் நடத்தியிருக்கிறேன். லாச்சியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன், கோடு எங்கேயோ மேலே நின்றது. ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிவிட்டு, உப்பில்லாத வடிகட்டிய தண்ணீர் விட்டு வருகிறேன். இன்று காலை மீன் இரண்டும் வெளியே வந்தன. ஒரு பவளம் பாதி விரிந்திருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேரோனிக்கா தற்செயலாக ஏதோ சொன்னாலும், பிழையைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதைக் கவனிக்கவும். நடந்தது எதுவும் கீதனுக்குத் தெரியவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும், "எல்லாம் வழக்கம்போலத்தான்" என்று ஒரு சொல் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவேன். இனி அந்தத் தொட்டிப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டேன்.

மடு மாதா உங்கள் எல்லோரையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
களைத்துப்போன அண்ணன்
அகஸ்ரின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கீதன் போர்த்துக்கலில் இருந்து போன் எடுத்தான். "மாமா, சின்ன மாமாவிட்டைக் கடல் தண்ணி வேண்டாமெண்டு சொல்லிட்டியளோ?" என்றான். வேரோனிக்கா நாள்தோறும் தொட்டியைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறாள், நான் உன்னிடம் தண்ணீர் கேட்டதையும் சொல்லியிருக்கிறாள். விளிம்பில் பொருக்கைக் கண்டவுடன் அவனுக்குக் காரியம் விளங்கிவிட்டதாம். அந்த உப்பளப் பேச்சை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். "நேர எனக்கே சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றேன். "உப்பு உங்கட தொழிலெல்லோ மாமா. நான் சொல்லுறதைவிட நீங்களாக் கண்டுபிடிச்சால் நல்லமெண்டு நினைச்சன்" என்றான். கையிலிருந்த உறையை மேசையில் வைத்தேன். பிறகு, அன்றைக்குத் தொட்டியடியில் சொல்ல வந்ததை முதலில் இருந்து சொல்லும் என்றேன். நெடுநேரம் சொன்னான். நான் ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை. வேரோனிக்கா வந்து, காய்ச்சலோ என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.