எந்த ஜவ்வு?

"கண்ணப்பா! இனிமே உனக்கு பிரஸ் ஷாப் வேணாம்! சத்தமே இல்லாத எடமா, ஸ்டோர்ஸ்ல போட்டுக்கீறேன்!"

சூப்பர்வைசர் ஜெபகுமார் காதுக்குள் வாயை வைத்துக் கத்தியதில் கண்ணப்பனுக்கு உடம்பே அதிர்ந்தது. வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவனிடம் இவர் எதற்காகக் காதைப் பார்த்துக் கத்துகிறார்?

போன ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்தில் கபடி ஆடப் போய் கண்ணப்பன் விழுந்தான். நாற்பதை நெருங்கும் வயதில் தேவையில்லாத வேலை. படப்பை டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கொஞ்ச நாளைக்கு உக்காந்து செய்யற வேலையா கேட்டு வாங்கிக்குங்க" என்றார். இவன் படுத்துக் கிடந்ததால் மனைவி மரகதம்தான் கம்பெனிக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

கண்ணப்பனுக்கு இப்போது விளங்கியது. ஜவ்வு முட்டியிலும் இருக்கிறது, காதிலும் இருக்கிறது. நாளெல்லாம் இரும்புத் தகட்டை இடித்துக்கொண்டிருக்கும் பிரஸ் ஷாப்பில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றால், யாருக்குத்தான் முட்டி ஞாபகம் வரும்?

"அது இல்ல சார். ஞாயித்துக்கெழம காலைல மச்சான் வூட்டுக்குப் போனேனா, அங்க இட்லி போட்டாங்க. இட்லின்னா சும்மா இட்லி இல்ல..."

கண்ணப்பன் எதையும் ஆரம்பத்திலிருந்துதான் சொல்வான். கதை கபடி மைதானத்தை எட்டியபோது ஜெபகுமார் லைனின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார்.

ஸ்டோர்ஸில் நாற்காலியே இல்லை. ஏணியில் ஏறி போல்ட் பெட்டிகளை இறக்க வேண்டும். மதியத்துக்குள் முட்டி பொதபொதவென்று வீங்கிவிட்டது. ஸ்டோர்கீப்பர் சுப்பிரமணியிடம் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினான்.

"ஏணில இடிச்சிக்கினியா? காது போனா பேலன்ஸும் போயிடும்பா!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திய சுப்பிரமணி, அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் கேன்டீனில் உட்காரவைத்தான். வழியில் பார்த்தவர்களெல்லாம் காதைத் தொட்டுக் காட்டி உச்சுக்கொட்டினார்கள்.

கேன்டீனில் வேலை பார்க்கும் அவனது பக்கத்து வீட்டு கங்கா வடை வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் செங்கமலத்திடம் திரும்பினாள்.

"காது நல்லா இருந்தப்போ மட்டும் இவரு யாரு பேச்சைக் கேட்டாரு? ஆரம்பிச்சாருன்னா ஜவ்வு மாதிரி இழுப்பாரு."

முட்டி, காது, இப்போது பேச்சிலுமா ஜவ்வு? சுள்ளென்று பதில் சொல்ல வாயைத் திறந்தான். அடுத்த வார்த்தை அவனை நிறுத்தியது.

"பாவம் மரகதக்கா."

தன் மனைவி எதற்குப் பாவம்? தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஒன்றும் கேட்காதவன்போல வடையைப் பிய்த்தான்.

"இன்னாவாம்?" என்றாள் செங்கமலம்.

"மறைமலை நகர்ல தையல் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க. போவணும்னு அக்காவுக்கு அவ்ளோ ஆசை. 'ஏங்க'ன்னு ஆரம்பிச்சாலே இவரு தன் கதைக்குள்ள பூந்துடறாராம். வெள்ளிக்கெழமையோட ஆள் எடுக்கறது முடியுது."

பிய்த்த வடையைத் தட்டிலேயே வைத்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றுகூட அவள் "ஏங்க, ஒரு விஷயம்" என்று வந்து நின்றாளே! இவன்தான் வரும் வழியில் கறிக்கடையில் நின்று, ஆட்டு முட்டியில் ஜவ்வைக் காட்டச் சொல்லிப் பார்த்திருந்தான். எலும்போடு எலும்பை அது வெள்ளைப் பட்டையாகக் கட்டி வைத்திருந்த அதிசயத்தை, அவள் தட்டில் சோறு ஆறும்வரை விவரித்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "மரகதம், என்னமோ சொல்லணும்னியே?" என்றான்.

மரகதம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கம்பெனி வேன், டெய்லர் டெஸ்ட், பெண்ணை ஸ்கூலிலிருந்து யார் கூட்டிவருவது, எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். நடுநடுவே இவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. வீங்கிய முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடக்கினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு அழகாகப் பேசுவாள் என்பதே அவனுக்குத் தெரியாமல் போயிருந்தது.

"நாளைக்கே போய் டெஸ்ட் குடுத்துடு" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் ஜெபகுமாரிடமும் சுருக்கமாகவே பேசினான். "சார், காது இல்ல, முட்டி." உடனே இன்ஸ்பெக்ஷனில் அவனுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது.

ஒரு குறுகுறுப்பு மட்டும் மிச்சமிருந்தது. மதியம் கேன்டீனுக்கு நொண்டிப் போனான்.

"கங்கா, உன்கிட்ட மறைக்க மனசு வரல. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நேத்து நீ பேசினது பூராவும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

கங்கா டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா. காது ஜவ்வுன்னு ஜெபகுமார் சார்கிட்ட சொன்னதும் மரகதக்காதான், உங்க முன்னாடி நான் இன்னா பேசணும்னு சொல்லிக் குடுத்ததும் மரகதக்காதான்."