மாப்பிள்ளை விட்டுப்போன வினைச்சொல்

அருமை மகளுக்கு,

கடுங்கோபத்தில் இருக்கும் அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், உன் அம்மாவும் நலம். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால்தான் நலம் இல்லை. காரணம் உன் வீட்டுக்காரர்.

முப்பத்தொரு வருடம் குழாய் ஃபிட்டராக இருந்தவன் நான். நம் சமையலறைக் குழாய் எட்டு மாதம் ஒழுகியது உண்மைதான். சரியான அளவு வாஷர் கிடைக்காமல் கண்டதைப் போட்டு அடைக்க நான் என்ன அரைகுறையா? பத்து நாள் விருந்துக்கு வந்தவர், அதுவும் பாட்டு வாத்தியார், பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு ஐந்தே நிமிடத்தில் ஒழுக்கை நிறுத்திவிட்டு, "டெசென்ராஷ்கார்!" என்று சிரித்தார். தன் தாய்மொழியான போர்த்துக்கீசியத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் போல என்று நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டித் தொலைத்தேன். அப்புறம் நீதானே சொன்னாய், "அது ஒரு வினைச்சொல்ப்பா. கையில கெடச்சத வச்சு இக்கட்டுலேருந்து தப்பிக்கிறது. அவங்ககிட்ட அது பெரிய பாராட்டு" என்று. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு மெமோ கொடுப்பார்கள்.

நீங்கள் விமானம் ஏறினீர்கள், அந்தச் சொல் ஏறவில்லை. என் சட்டைப் பொத்தான் போன இடத்தில் ஊக்கைக் குத்திவிட்டு உன் அம்மா "டெசென்ராஷ்கார்" என்கிறாள். மூக்குக்கண்ணாடிக் காலில் நூலைச் சுற்றிவிட்டு மறுபடி அதே. நேற்று எதிர்வீட்டு டீச்சரம்மா, "எங்க மோட்டார் ஓடல சார், உங்க மாப்ள மறுபடி எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்கிறார்! முப்பத்தொரு வருடத்தை ஒரு டியூப் துண்டு முழுங்கிவிட்டதம்மா.

விடுவேனா? இன்று காலை அந்தத் துண்டைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய அசல் வாஷரைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினேன். குழாய்த் தலை என் கையோடு வந்துவிட்டது. மெயின் வால்வை மூட மறந்திருந்தேன், அதை யாரிடமும் சொல்லாதே. பீறிட்ட தண்ணீரைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நான் கத்த, உன் அம்மா ஆற அமர வந்து நின்று, "மாப்பிள்ளைக்கு போன் போடட்டுமா?" என்றாள்.

ஆகவே அடுத்த லீவுக்கு வருவதானால் அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல். இல்லையென்றால் வரவே வேண்டாம். ஒழுகாத வீட்டில் இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஈரத்துடன்,
அப்பா

பி.கு.: குப்பையிலிருந்து அந்த டியூப் துண்டைத் தேடியெடுத்து, குழாய்த் தலையைத் திரும்பப் பொருத்திக் கழுத்தில் சுற்றி, என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதன்மேல் இறுக்கிவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பேன்ட் சணல் கயிற்றில் நிற்கிறது. டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு, மோட்டாரையும் என்னையே பார்க்கச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லாதே. அந்த வினைச்சொல்லை மாமனாருக்கும் பயன்படுத்தலாமா என்று மட்டும், பொதுவாக, கேட்டு எழுது.