காலரில் மைக், டிராயரில் மைசூர்பாகு

டாக்டர் அரசியலுக்கு வந்தால் ஒரு வசதி, ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஒரு கஷ்டமும் உண்டு. அந்தப் பாதிப் பேரும் ஓட்டுக் கேட்கப் போன இடத்திலேயே நாக்கை நீட்டுவார்கள்!

இன்று நான் எம்.எல்.ஏ. சட்டசபையில் எழுந்து பேசுகிறேன், பேப்பரில் போட்டோ வருகிறது. ஆனால் முதல் தேர்தலில் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு ஊரில் நான் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அன்று எனக்கு ஒரே குஷி. திறந்த வேன், மாலை, வெடி, காலரில் குத்திய புத்தம் புது மைக்! பக்கத்தில் என் மனைவி சுமதி. (கும்பிடு போடுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.) அந்த ஊரில் ராமையா அண்ணன் சொன்னால்தான் ஓட்டு விழும். அவர் யார் பக்கம் என்று இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த ஊர் போனால் தொகுதியே போச்சு என்று கட்சிக்காரர்கள் காலையிலிருந்தே என் உயிரை எடுத்தார்கள்.

வேன் நின்றது. அண்ணன் சால்வையோடு மேலே ஏறினார்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போர்த்திவிட்டு என் காதருகே குனிந்தார்.

"டாக்டரே, மாத்திரை போட்டும் சுகர் எறங்க மாட்டேங்குதே?"

அவ்வளவுதான். வேட்பாளர் காணாமல் போய் டாக்டர் வந்துவிட்டார். (இது ஒரு வியாதி.) என் கை தானாக அவர் நாடியைப் பிடித்தது.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே, இனிப்பு சாப்பிடுறீங்களா?"

"வீட்டுல மூச்சு விட்றாதீங்க. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஸ்வீட் கடைக்குப் போயிருவேன். தெனம் ஜாங்கிரி."

பாவமாக இருந்தது. தேற்றலாமே என்று நானும் மனசைத் திறந்தேன்.

"விடுங்கண்ணே, எனக்கும் சுகர்தான். கிளினிக் டிராயர்ல மைசூர்பாகு வச்சிருக்கேன். சுமதிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது!"

நான் சொன்ன 'தெரியாது' மட்டும் தெருக்கோடியில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து என்னிடமே திரும்பி வந்தது.

கீழே ஆரத்தித் தட்டோடு நின்ற லெச்சுமி அக்கா, அண்ணனின் மனைவி, நிமிர்ந்து பார்த்தார்.

"அட பாவி மனுசா! இதுக்குத்தான் பட்டை பட்டையாத் திருநீறு பூசிக்கிட்டு வந்தீங்களா? எறங்குங்க கீழ!"

அண்ணன் முகம் கறுத்தது. "இந்த ஊர்ல ஒனக்கு ஒரு ஓட்டு விழாதுய்யா!" என்று சால்வையை உருவிக்கொண்டு இறங்கினார். (போர்த்திய சால்வையைப் பறிகொடுத்த வேட்பாளர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

போச்சு, எல்லாம் போச்சு! திரும்பினால் சுமதி. என் காலரைப் பிடித்து இழுத்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவளோ மைக்கில் பேசினாள்.

"அக்கா, தங்கச்சிகளா! இவரால ஒரு மைசூர்பாகைக்கூட மறைக்க முடியலை, பாத்தீங்கள்ல? தைரியமா சட்டசபைக்கு அனுப்புங்க. தப்புப் பண்ணா இவரு வாயாலயே ஒங்களுக்குத் தெரிஞ்சிரும். வீட்டுல நான் பாத்துக்கிறேன்!"

முதலில் சிரித்தது லெச்சுமி அக்காதான். பெண்கள் போட்ட குலவையில் வேனே ஆடியது. அந்த ஊர் ஓட்டு எனக்குத்தான் விழுந்தது, ஜெயித்தேன்! ராமையா அண்ணன் இன்றும் கிளினிக் வந்தால் என் காலரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

சட்டசபையில் யாருக்கு வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மட்டும், "இனிப்பைத் தொடவே இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல முடிவதில்லை. அடுப்படியிலிருந்து என் மகள் சாம்பார்க் கரண்டியோடு ஓடிவந்து என் வாய்க்கு நேரே நீட்டுகிறாள்.

"மைக்குல சொல்லுங்கப்பா!"