ஊசி சொன்ன பிரசவம்

ஒரு கிண்ணம் தண்ணீர். தண்ணீரில் ஒரு இலை. இலைமேல் ஒரு ஊசி. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண் எங்கே பிள்ளை பெற வேண்டும் என்பதை இந்த மூன்றும் கூடித்தான் முடிவு செய்தன. பெறப்போகிறவளைக் கேட்கும் வழக்கம் முன்பும் இல்லை என்பதால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஊசி ஐயா காலையிலேயே உட்கார்ந்துவிடுவார். எட்டு ஊர்க் கர்ப்பிணிகள் வரிசையில் நிற்பார்கள். நிற்க முடியாதவர்கள் செருப்பை நிறுத்திவிட்டு ஓரமாக உட்காருவார்கள். ஐயா கண்ணை மூடி ஊசியை இலைமேல் வைப்பார். இலை மெல்லத் திரும்பி நிற்கும். ஊசிமுனை காட்டும் திசையில்தான் பிரசவம். அந்தத் திசையில், தெருக்கோடியில், ஐயாவின் கொழுந்தியாள் நடத்தும் பிரசவ வீடு இருந்தது தற்செயல். இதுவரை வந்த அத்தனை பேருக்கும் ஊசி அதையே காட்டியதும் தற்செயல்தான். அங்கே இரண்டு கட்டில், ஒரு மேசை விசிறி, கழுவிக் கொடியில் காயப்போட்ட ஒரு ஜோடி கையுறை இருந்தன. டாக்டர் மட்டும் இல்லை.

எதிர்த்திசையில் இரண்டு பேருந்து மாறிப் போனால் அரசு மருத்துவமனை. அங்கே ரத்தம் உண்டு, ஆபரேஷன் தியேட்டர் உண்டு, எரிந்து விழும் நர்சும் உண்டு. ஊசி யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை. பெண்கள் அதை நம்பியதில் இதற்கும் பங்கு உண்டு. நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தெருவில் ஒரு தையல்காரி. போன வருஷம் அவளுடைய ஓரகத்தி ஊசி சொன்ன இடத்தில் பெற்றாள். குழந்தை அழவே இல்லை. "ஊசி நிக்கிறப்போ இவ கண்ணை இமைச்சுட்டா," என்றார் ஐயா. குடும்பம் மொத்தமும் அவள் கண்ணைத் திட்டியது.

இந்த வருஷம் தையல்காரிக்கே ஒன்பதாம் மாதம். குழந்தை குறுக்காகக் கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், வலி வரும்வரை காத்திருக்காமல் வந்து சேர் என்று அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாமியார் அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மருமகளை ஊசியிடம் இழுத்து வந்தார்.

ஊசி வழக்கம்போலக் காட்டியது.

"பார்த்தியா? இன்னிக்கே போய்ப் படுத்துடு," என்றார் மாமியார்.

"படுக்கிறேன் அத்தை. ஆனா அங்க ரெண்டு கட்டில் இருக்கே, எதுல படுக்கிறது? அக்காவுக்கு அதைக் கேக்காம விட்டதுதான் தப்போ என்னவோ."

ஐயா யோசித்தார். வரிசை யோசிக்கவில்லை. "நியாயம்தானே, கேட்டுருவோம் ஐயா!" என்று கிண்ணத்தோடு கிளம்பிவிட்டது.

இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூல் போட்டுக் கிண்ணத்தை வைத்தார்கள். இலை திரும்பியது. ஊசி இரண்டு கட்டிலையும் விட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைக் காட்டியது. கொல்லையில் இருந்தது கக்கூஸ்.

"அதுக்குள்ளயா பெக்கணும்?" என்றாள் ஒருத்தி, நிஜமான கவலையோடு.

"அதுக்கும் அந்தப் பக்கம்," என்றார் ஐயா அவசரமாக.

அந்தப் பக்கம் இருந்தது செங்கல் சூளை. கூட்டம் முதல்முறையாக ஐயாவின் முகத்தைப் பார்த்தது.

தையல்காரி தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, ஐயாவின் ஊசி இருந்த இடத்தில் வைத்தாள். "அத்தை, இப்ப நீங்க குனிஞ்சு பாருங்க."

மாமியாருக்கு அறுபத்திரண்டு வயது. குனிந்தார். ஊசி திரும்பி, அதே பக்கம் பார்த்து நின்றது.

"உங்களுக்கும் அங்கதான் பிரசவமாம்."

மாமியார் நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தார்.

"கடையில ஊசி கீழே விழுந்தா காந்தத்தாலதான் பொறுக்குவேன். அதுல ஒட்டிக் கிடந்த ஊசி தண்ணியில மிதந்தா வடக்கத்தான் பார்க்கும், ஐயா ஊசியும் அப்படித்தான். கர்ப்பிணி வந்தாலும் வடக்கு, எருமை வந்தாலும் வடக்கு. சீட்டைக் குடுங்க அத்தை. பஸ்சுக்கு நேரமாச்சு."

சீட்டு கைக்கு வந்தது. மாமியாரும் கூடவே பேருந்தில் ஏறினார். மறுநாள் ஆபரேஷன், பெண் குழந்தை. நர்சு எரிந்து விழுந்தாள், குழந்தை அதைவிடச் சத்தமாகக் கத்தியது.

துணிக்கடையில் சாயம் போகுமா என்று மூன்று தடவை கேட்கிற நாம், பிரசவத்துக்குப் போகும் இடத்தில் உயிர் போகுமா என்று ஒரு தடவையாவது கேட்டால் என்ன?